பிடித்த துப்பறியும் தொடரை முடிப்பது எப்படி? கடைசிப் புத்தகத்தில் இடறாமலிருக்க ஒரு முழு வழிகாட்டி

பல வருடமாகப் படித்துவரும் 'கோஸி' துப்பறியும் தொடர் (ரத்தமும் கொடூரமும் அதிகமில்லாத, இதமான கொலைக்கதை வகை) ஒன்று முடியப்போகிறது. இன்னும் படிக்காதவை நாலைந்து புத்தகங்கள்தான். அவற்றை எந்த வரிசையில், எப்போது படித்து முடிப்பது? இதற்கெல்லாமா வழிகாட்டி என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் அகதா கிறிஸ்டியின் 'கர்ட்டன்' நாவலைப் பத்தாவது புத்தகமாகப் படித்துத் தொலைத்தேன். வாடகை நூலகத்தில் அன்றைக்கு அதுதான் இருந்தது. அது கிறிஸ்டியின் மீசைக்காரத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவின் கடைசி வழக்கு. அப்புறம் படித்த இருபத்துச் சொச்சம் நாவல்களிலும் அவர் மீசையை நீவும்போதெல்லாம் அந்த முடிவு கண்முன் வந்து நின்றது.

அதற்குப் பிறகு, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான கிராமத்துப் பாட்டி மிஸ் மார்ப்பிளின் தொடரை ஒழுங்காக முடித்தேன். என் அக்கா மகள் முடித்ததையும் தோழிகள் இரண்டு பேர் முடித்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: கடைசியாக அச்சில் வந்த புத்தகத்தைக் கடைசிப் புத்தகம் என்று நம்பிவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டுகளைக் கிறிஸ்டியிடமிருந்தே எடுக்கிறேன். அவர் தன் இந்த இரண்டு துப்பறிவாளர்களுக்கும் இரண்டு விதமாக விடைகொடுத்தவர். எந்தக் கதையிலும் கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன். புவாரோவின் முடிவைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒரு விஷயம் மட்டும் 4ஆம் பகுதியிலும் 6ஆம் பகுதியின் கடைசியிலும் வருகிறது. வேண்டாதவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், வரிசை கட்டாயம் மாறும்.

மிச்சமிருக்கும் புத்தகங்கள் மொத்தமும் கையில் இருக்க வேண்டும். ஒன்று வரட்டும், அதற்குள் இன்னொன்றைப் படித்துவிடலாம் என்று ஆரம்பித்தால், வரிசையை அஞ்சல்காரர் தீர்மானிப்பார்.

தொடரின் முதல் புத்தகமும் வேண்டும். ஏற்கெனவே படித்ததாக இருந்தாலும் சரி. ஏன் என்பது 5ஆம் பகுதியில்.

இரவல் பிரதியாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வாங்கிவந்த ஒரு நாவலில், 60ஆம் பக்கத்தில் ஒரு பெயருக்கு அடியில் நீலப் பேனாவால் கோடு போட்டு ஓரத்தில் "இவன்தான்" என்று எழுதியிருந்தார் ஒரு புண்ணியவான். அன்றிலிருந்து இரவல் புத்தகம் முதலில் அம்மாவிடம்தான் போகும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கிறுக்கல் தெரியும். கண்ட இடத்தில் அஞ்சல்தலை அளவுக்குத் துண்டுக் காகிதம் ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

1. தொடர் எப்படி முடிந்தது என்று பாருங்கள்

கதையின் முடிவைச் சொல்லவில்லை. தொடரே எப்படி நின்றது என்பதைச் சொல்கிறேன். மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை. அதனால் இதுதான் முதல் வேலை.

சில தொடர்களுக்கு ஆசிரியரே விடைகொடுக்கும் நாவல் எழுதியிருப்பார். புவாரோ அந்த வகை. சில தொடர்கள் ஆசிரியரோடு நின்றுவிடும். லிலியன் ஜாக்சன் பிரவுனின் பூனைக் கதைகள் 1966இல் தொடங்கி 2007 வரை 29 நாவல்கள் வந்தன. 2011இல் அவர் காலமானார். அந்தப் பூனைகள், கோகோவும் யம் யம்மும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டன. கணேஷ், வசந்தை வாசித்தவர்களுக்கு இந்த உணர்வு பழக்கம்தான். இன்னும் சில, ஆசிரியர் போன பின்பும் நிற்பதில்லை. எம். சி. பீட்டன் 2019 டிசம்பரில் இறந்தார். அவருடைய அகதா ரெய்சின் தொடரை இப்போது ஆர். டபிள்யூ. கிரீன் எழுதிவருகிறார்.

முதல் வகைக்கு வரிசைதான் முக்கியம். இரண்டாவது வகையில் விடைகொடுக்கும் புத்தகம் என்று ஒன்று கிடையாது; எது கடைசி என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டும். மூன்றாவதில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே கேள்வி. உங்கள் தொடர் எந்த வகை என்று நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

2. மூன்று வருடங்களுடன் பட்டியல் போடுங்கள்

எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். ஆனால் வெளிவந்த வருடத்தை மட்டும் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் விழுந்தது இந்தக் குழியில்தான்.

நோட்டில் புத்தகத்தின் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் வரையுங்கள்: எழுதிய காலம், வெளிவந்த வருடம், கதை நடக்கும் காலம். மூன்றும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாத புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

மிஸ் மார்ப்பிளை எடுத்துக்கொள்வோம். நாவல்கள் மொத்தம் 12. முதலாவது 1930இல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்'. கடைசியாக வந்தது 1976இல் 'ஸ்லீப்பிங் மர்டர்'. அதே வருடம் ஜனவரி 12 அன்று கிறிஸ்டி இறந்தார். புத்தகம் அதற்குப் பிறகுதான் வெளியானது. பின்னட்டையும் இதை மார்ப்பிளின் கடைசி வழக்கு என்றே சொல்லும். ஆனால் அதை அவர் எழுதியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 'கர்ட்டன்' எழுதியதும் அப்போதுதான். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு உதவட்டும் என்று இரண்டையும் பெட்டகத்தில் பூட்டிவைத்தார். 'கர்ட்டன்' மகளுக்கு, 'ஸ்லீப்பிங் மர்டர்' கணவருக்கு.

இதன் விளைவு என்ன தெரியுமா? 1962இல் வந்த நாவலில் மார்ப்பிளின் தோழி திருமதி பேன்ட்ரி விதவை. 1976இல் வந்த நாவலில் அவர் கணவர் கர்னல் பேன்ட்ரி உயிரோடு இருக்கிறார். என் அக்கா மகள் பதினோரு நாவல்களை முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவைத்து 'ஸ்லீப்பிங் மர்டர்' எடுத்தாள். சாயங்காலம் போன். "சித்தி, கடைசி வழக்குன்னு போட்டிருக்கு. பாட்டி குனிஞ்சு நிமிர்ந்து தோட்டத்துல களை பிடுங்கிட்டு இருக்காங்க. போன புத்தகத்துல குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே?" அழுவதற்குத் தயாராக உட்கார்ந்தவளுக்கு அழுகையும் வரவில்லை, கதையும் ஒட்டவில்லை. புத்தகத்தின் மேல் தப்பில்லை. நல்ல நாவல் அது. இருக்கும் இடம்தான் தப்பு.

சிறுகதைகளையும் விடாமல் எழுதுங்கள். மார்ப்பிளுக்கு 20 சிறுகதைகள்: 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பில் 13, 'மிஸ் மார்ப்பிள்ஸ் ஃபைனல் கேஸஸ்' தொகுப்பில் 6, புவாரோ கதைகளுக்கு நடுவே கிறிஸ்துமஸ் தொகுப்பு ஒன்றில் தனியாக 1. இரண்டாவது தொகுப்பின் பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். 1979இல் புத்தகமானதால் வந்த பெயர் அது. கதைகள் எல்லாம் பல பத்தாண்டுகள் பழையவை.

3. இரட்டைப் பெயர்களைக் களையுங்கள்

அமெரிக்கப் பதிப்பில் தலைப்பை மாற்றும் வழக்கம் நெடுநாள் இருந்தது. '4.50 ஃப்ரம் பாடிங்டன்' அங்கே 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!' ஆனது. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலுக்கு 'மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்' என்று பெயர். 'ஆஃப்டர் தி ஃபியூனரல்' அங்கே போய் 'ஃபியூனரல்ஸ் ஆர் ஃபேட்டல்'.

பழைய புத்தகக் கடைகளில் இரண்டு நாட்டுப் பதிப்புகளும் கலந்து கிடக்கும். என் தோழி ஒருத்தி இன்னும் மூன்று புவாரோ பாக்கி என்று ஒரு வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதில் இரண்டு ஏற்கெனவே படித்தவை. மூன்றாவது 'பிளாக் காஃபி'. அது கிறிஸ்டியின் நாடகம், நாவலாக மாற்றி 1998இல் வெளியிட்டவர் சார்லஸ் ஆஸ்போர்ன். ஆக, அவள் முடித்தே ஒரு வருடம் ஆகியிருந்தது, தெரியாமலே!

உரிமப் பக்கத்தைப் பாருங்கள். பழைய தலைப்பு பெரும்பாலும் அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். பட்டியலில் இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

4. முடிவைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்வது என்று தீர்மானியுங்கள்

எதுவுமே தெரியாமல் படிப்பதுதான் நல்லது என்பார்கள். கோஸி தொடரின் கடைசிப் புத்தகத்துக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. இந்தத் தொடர்களை நாம் படிப்பதே, கடைசிப் பக்கத்தில் கிராமம் பழையபடி தேநீர் குடிக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை உடையப்போகிறதென்றால் முன்கூட்டித் தெரிந்திருப்பது நல்லது. அப்போதுதான் நாளையும் நேரத்தையும் பார்த்துத் தொடங்க முடியும்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: துப்பறிவாளர் கடைசியில் உயிரோடு இருக்கிறாரா? தேடும் வேலையை, அந்தத் தொடரை முடித்த ஒருவரிடம் விடுங்கள். நீங்களே தேடப்போனால் கொலையாளியின் பெயரும் கூடவே வந்து விழும்.

புவாரோ விஷயத்தில் ஒளிக்கவும் வழியில்லை. 'கர்ட்டன்' வெளியாகும் முன்பே, 1975 ஆகஸ்ட் 6 அன்று, நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில் அவருக்கு இரங்கல் செய்தி போட்டுவிட்டது. ஆகவே மரணம் ரகசியமல்ல. எப்படி, ஏன் என்பவைதான் கதை. அவை தெரியாமலிருந்தால் போதும்.

5. முதல் புத்தகத்தை மறுபடி படியுங்கள்

இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். கொலையாளி தெரிந்த கதையை எதற்குத் திரும்பப் படிப்பது?

புவாரோ தொடரில் பதில் நேராகவே இருக்கிறது. 1920இல் வந்த முதல் நாவல் நடப்பது ஸ்டைல்ஸ் என்ற பண்ணை மாளிகையில், கதை சொல்பவர் புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ். 'கர்ட்டன்' திரும்பிவருவதும் அதே ஸ்டைல்ஸுக்குத்தான், சொல்பவரும் ஹேஸ்டிங்ஸ்தான். மாளிகை இப்போது காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைக்கும் விடுதி. 1937இல் வந்த 'டம்ப் விட்னஸ்' நாவலுக்குப் பிறகு ஹேஸ்டிங்ஸ் எந்த நாவலிலும் தலைகாட்டவில்லை. முதல் நாவலைப் படித்து ஏழெட்டு வருடம் ஆனவருக்கு அந்த வீட்டு வாசலில் அவர் வந்து நிற்பது வெறும் தகவலாகிவிடும். போன வாரம் படித்தவருக்கு வயிற்றைப் பிசையும்.

மற்ற தொடர்களில் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்காது. அப்போதும் முதல் மூன்று அத்தியாயமாவது படியுங்கள். ஆசிரியர் யாரை எப்படித் தொடங்கினார் என்பது நினைவில் இருந்தால்தான், எங்கே கொண்டுவந்து விட்டார் என்பது தெரியும்.

முதல் புத்தகத்துக்கும் கடைசிப் புத்தகத்துக்கும் நடுவே ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

6. கடைசி நான்கின் வரிசையைக் கட்டுங்கள்

இனி பட்டியலிலிருந்து கடைசி நான்கை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதி அடுக்குங்கள். மூன்று விதிகள் போதும்.

முதல் விதி: ஒன்றையொன்று தொட்டுப் பேசும் புத்தகங்களைப் பிரிக்காதீர்கள். மார்ப்பிள் தொடரில் 'நெமெசிஸ்' நாவலுக்கு முன்னால் 'எ கரீபியன் மிஸ்டரி' கட்டாயம். அந்தத் தீவில் சந்தித்த ரஃபீல் என்ற பணக்காரக் கிழவர்தான், செத்த பிறகு கடிதம் அனுப்பி மார்ப்பிளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார், இருபதாயிரம் பவுண்டு வெகுமதியோடு. என்ன வேலை என்று மட்டும் சொல்வதில்லை! அந்தக் கிழவரின் சிடுசிடுப்பை முன்பே ரசித்தவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் இனிக்கும்.

இரண்டாவது விதி: எழுதிய காலத்தை நம்புங்கள், வெளிவந்த வருடத்தை அல்ல. ஆசிரியரே விடைகொடுக்க எழுதிய 'கர்ட்டன்' போன்றவை மட்டும் விதிவிலக்கு. மார்ப்பிளை வைத்துக் கடைசியாக எழுதிய நாவல் 1971இல் வந்த 'நெமெசிஸ்'. மார்ப்பிளை முடிக்க வேண்டிய இடம் அதுதான். 'ஸ்லீப்பிங் மர்டர்' நாவலை 1940களுக்குக் கொண்டுபோய், 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' நாவலுக்கு முன்னால் செருகிவிடுங்கள். கர்னலும் பிழைப்பார். ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டீர்களா, பரவாயில்லை, 'நெமெசிஸ்' எடுக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது விதி: தளர்ந்த புத்தகத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். புவாரோவை வைத்துக் கிறிஸ்டி கடைசியாக எழுதிய 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' 1972இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 80 தாண்டிவிட்டது. பேச்சு சுற்றிச் சுற்றி வரும், வருடக் கணக்குகள் இடிக்கும். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய நாவல்களின் சொற்களை எண்ணிப்பார்த்து, பிற்காலத்தில், குறிப்பாக இந்த நாவலில், சொல்வளம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அது தெரிந்து படித்தால் எரிச்சல் போய் வேறொரு பரிவு வருகிறது. ஆனாலும் கடைசிக்கு அது வேண்டாம். நாலைந்து புத்தகம் முன்னால் தள்ளிவிடுங்கள்.

இனி, நான் தாமதமாகக் கண்டுபிடித்த ஒரு தந்திரம். விடைகொடுக்கும் புத்தகத்தைக் கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். அதற்கப்புறம் படிக்க, கலகலப்பான ஒன்றைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள்.

நடிகர் டேவிட் சூஷே தொலைக்காட்சித் தொடரில் 1989 முதல் 2013 வரை 70 அத்தியாயங்களில் புவாரோவாக நடித்தார். கடைசியாக ஒளிபரப்பானது 'கர்ட்டன்'. ஆனால் கடைசி வருடப் படப்பிடிப்பில் அதைத்தான் முதலில் எடுத்து முடித்தார்கள். கடைசியாகப் படமாக்கியது 'டெட் மேன்ஸ் ஃபாலி', அதுவும் டெவன் பகுதியில் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். இருபத்து நான்கு வருடம் அந்த மீசையோடு வாழ்ந்தவர், புவாரோவை உயிரோடு நடமாடவிட்டுத்தான் படப்பிடிப்பை முடித்தார். நாம் மட்டும் ஏன் சாவு வீட்டில் போய் முடிக்க வேண்டும்?

புவாரோவுக்கு நான் சொல்வது 1947இல் வந்த 'தி லேபர்ஸ் ஆஃப் ஹெர்க்யூலிஸ்'. பன்னிரண்டு சிறுகதைகள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சுரைக்காய் மாதிரி ஒரு காயைப் பயிரிடப் போவதாகவும், அதற்கு முன் பன்னிரண்டே பன்னிரண்டு வழக்குகள் எடுப்பதாகவும் புவாரோ அறிவிக்கிறார். ராத்திரிக்கு ஒரு கதை என்று வைத்தால் பன்னிரண்டு நாள் ஓடும்.

7. கடைசிப் புத்தகத்தைப் படிக்கும் நாட்கள்

பயணத்தில் வேண்டாம். தோழி ஒருத்தி ரயிலில் 'கர்ட்டன்' படித்தாள், எதிர் இருக்கை அம்மா "என்னம்மா, வீட்டுல ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறார். ராத்திரி படுக்கையிலும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கடைசி ஐம்பது பக்கங்களை ஓட்டிவிடுவோம், காலையில் என்ன நடந்தது என்று பாதிதான் நினைவிருக்கும்.

இரண்டு அமர்வுகளாகப் பிரியுங்கள். முதல் நாள், வழக்கு அவிழ்வதற்கு முன்வரை. இரண்டாம் நாள் காலை, மிச்சம். 'கர்ட்டன்' நாவலின் இறுதியில் பின்குறிப்பு போல ஒரு நீண்ட பகுதி வரும். முந்தைய அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடியுங்கள். கதைக்குள்ளேயே அந்த இடத்தில் சில மாதங்கள் கடக்கின்றன. நமக்கு அரை மணியாவது கடக்கட்டும்.

முடித்ததும் நோட்டில் நாலு வரி எழுதுங்கள், தேதியோடு. விமர்சனம் வேண்டாம், எது நினைவில் நிற்கிறதோ அது. மார்ப்பிளை முடித்த நாளில் நான் எழுதியது: "பேருந்துச் சுற்றுலா. ரோஜா நிறத்தில் கம்பளிச் சால்வை. யாருமே இந்த அம்மாவைக் கவனிக்கவில்லை."

அடுத்த தொடரை அன்றைக்கே தொடங்கிவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. புதிய துப்பறிவாளர் என்ன செய்தாலும் பழையவரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். பாவம், அவர் தோற்றுத்தான் போவார். இரண்டு வாரம் வேறு ஏதாவது படியுங்கள். எனக்குச் சமையல் குறிப்புப் புத்தகம் கைகொடுத்தது.

8. வாரிசுகளும் தொலைக்காட்சியும்

கிறிஸ்டி குடும்பத்தின் அனுமதியோடு 2014 முதல் சோஃபி ஹானா புதிய புவாரோ நாவல்கள் எழுதுகிறார். 2022இல் பன்னிரண்டு பெண் எழுத்தாளர்கள் ஆளுக்கொரு மார்ப்பிள் கதை எழுதிய தொகுப்பு வந்தது. படிக்கலாம், தப்பில்லை. ஆனால் மூலத் தொடரை முடித்து ஆறு மாதமாவது போகட்டும். உடனே எடுத்தால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி இருக்கும். வேறு கை எழுதியவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் பின்பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

தொலைக்காட்சி வடிவத்தைப் பொறுத்தவரை, புத்தகத்துக்குப் பிறகுதான். சில கதைகளில் கொலையாளியையே மாற்றியிருக்கிறார்கள்.

9. புத்தகங்களை என்ன செய்வது

முதலாவது, கடைசியாவது, நடுவில் மிகவும் பிடித்தது ஒன்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மீதியை ஒரே ஆளுக்கு மொத்தமாகக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு என்று பிரித்தால் நூலகத்தில் எனக்கு நேர்ந்த கதிதான் அவர்களுக்கும்: கிடைத்ததைப் படிப்பார்கள். நோட்டில் இருக்கும் பட்டியலையும் நகலெடுத்து மேலே வையுங்கள்.

என் புவாரோக்கள் இப்போது அக்கா மகளிடம் இருக்கின்றன. 33 நாவல்களில் 21 முடித்திருக்கிறாள். 'கர்ட்டன்' மட்டும் என் அலமாரியில், 'லேபர்ஸ்' தொகுப்போடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு இருக்கிறது. போன மாதம் வந்தபோது மெதுவாக அலமாரிப் பக்கம் போய்ப் பார்த்தாள். முதலில் 'ஸ்டைல்ஸ்' மறுபடி படித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.